வட்டாரத்தின் வாக்கும் என் மனசாட்சியும்

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய விளையாட்டில் ஒரு வட்டாரத்தின் டெலிகேட்டாக, அதாவது பிரதிநிதியாக, சில காலம் இருந்தேன். எங்கள் வட்டாரத்தில் டெலிகேட் தன் விருப்பப்படி வாக்களிக்க முடியாது. உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து என்ன முடிவு செய்கிறார்களோ, அதைத்தான் உலக மன்றத்தில் பதிய வேண்டும். பெரும்பாலும் இதில் சிக்கல் வருவதில்லை. ஒரு முறை வந்தது. வட்டாரம் ஆதரிக்கச் சொன்ன தீர்மானத்தில் ஒருவர்மீது பொய்யான குற்றச்சாட்டு இருந்தது. அதற்கு ஆதரவாக வாக்களிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்போது என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இணையத்தில் நடக்கும் மாதிரி நாடாளுமன்றங்களிலும் பாவனை அரசியல் குழுக்களிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவலாம்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி தன் நாவலுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் இதைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை உருவாக்கி ஆள வேண்டும். நாடுகள் சேர்ந்தால் வட்டாரம். எல்லாவற்றுக்கும் மேலே உலக மன்றம். அதற்கு முதலில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர் இருந்தது. நிஜ ஐநா ஆட்சேபம் தெரிவித்த பிறகு 2008ல் மாற்றினார்கள். ஒருவர் எத்தனை நாடுகளை வைத்திருந்தாலும் உலக மன்றத்தில் ஒன்றுக்குத்தான் இடம். ஒரே வட்டாரத்தில் இருக்கும் மன்ற உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஆதரவு கொடுக்கலாம். அதிக ஆதரவு பெற்ற நாடு அந்த வட்டாரத்தின் டெலிகேட். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வாக்கு. டெலிகேட்டுக்கோ சொந்த வாக்குடன், பெற்ற ஒவ்வோர் ஆதரவுக்கும் ஒரு வாக்கு கூடுதலாக உண்டு. ஆதரவு கொடுத்தவர்களின் சொந்த வாக்கு அவர்களிடமே இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வாக்களிப்பு என்றதும் நாம் ஒரே கடமையாக நினைப்பது உண்மையில் இரண்டு. வந்து வாக்களிக்க வேண்டும் என்பது ஒன்று. இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்பது இன்னொன்று. சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு முதலாவது இயல்பானது. இங்கே 1959ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து வாக்களிப்பு கட்டாயம். வாக்களிக்காவிட்டால் வாக்காளர் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். ஆனால் உள்ளே போய் யாருக்குப் போடுகிறோம் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. தேர்தல் முடிந்ததும் வாக்குச்சீட்டுகளை முத்திரையிட்டு ஆறு மாதம் உச்ச நீதிமன்றத்தில் வைத்திருந்து பிறகு அழித்துவிடுகிறார்கள். விளையாட்டில் நிலைமை நேர்மாறு. உலக மன்றத்தில் வாக்களிக்காமல் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். வாக்களித்தாலோ எந்த நாடு எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வாக்குரிமையைப் பற்றி எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு அப்பா ஒரு காரணம். தஞ்சோங் பகார் குழுத்தொகுதி 1991ல் உருவானது. 2011 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் அங்கே போட்டியே இல்லை. அங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில்தான் அப்பா இருக்கிறார். 2015ல் எல்லாத் தொகுதிகளிலும் போட்டி வந்தபோது, வேலைக்குப் போவதற்கு முன்பே காலையில் வரிசையில் போய் நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு நான் குடிவந்த பகுதி மரின் பரேட் - பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதிக்குள் வந்தது. 2025 ஏப்ரல் 23ஆம் தேதி வேட்புமனுத் தாக்கலன்றே அது போட்டியின்றி முடிந்தது. 2011க்குப் பிறகு இப்படி நடந்தது அப்போதுதான். மே 3ஆம் தேதி ஊரே வாக்களித்தது, எனக்கு வாக்கில்லை. “பரவாயில்லம்மா, அடுத்த தடவை” என்று அப்பா போனில் சமாதானம் சொன்னார். விளையாட்டாக இருந்தாலும் கையில் ஒரு வாக்கு இருக்கும்போது அதை ஏனோதானோ என்று போட எனக்கு மனம் ஒப்புவதில்லை.

முதல் கடமையைப் பற்றி ஒரு விஷயம். எங்கள் வட்டாரத்தில் ஒரு விதி இருந்தது. உள்வாக்கெடுப்புகளில் தொடர்ந்து மூன்றைத் தவறவிட்டால் குடியுரிமை போய்விடும். நல்ல நோக்கத்தில்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அதன் விளைவு என்ன? பெயர் போய்விடக்கூடாது என்பதற்காகத் தீர்மானத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘ஆதரவு’ என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகினார்கள். யீஷூனில் இருக்கும் ஒரு தம்பி, ஒவ்வொரு தீர்மானத்தையும் வரிக்கு வரி படித்துக் கேள்வி கேட்பவன், கட்டாய தேசிய சேவைக்காக ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங் போனான். முதல் சில வாரங்களில் கைப்பேசியைத் தொட நேரம் ஏது? வெளியே வந்து பார்த்தால் குடியுரிமை இல்லை. படிக்காமல் போட்டவர்கள் எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள்.

விதியை மாற்ற நான் முன்வைத்தது நம் ஊர் நடைமுறையைத்தான். இங்கே பெயர் நீக்கப்பட்டால் மீண்டும் சேர்க்கும்படி விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டில் வேலை, படிப்பு, உடல்நலக் குறைவு, பிரசவம் போன்ற ஏற்கத்தக்க காரணம் இருந்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 50 வெள்ளி. காரணம் சொன்னால் கதவு திறக்கும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வட்டாரத்திலும் அப்படியே செய்தோம். பெயர் நீங்கினாலும் ஒரு வரி காரணம் எழுதினால் திரும்பி வரலாம். கூடவே இன்னொன்று சேர்த்தோம்: ஆதரவு, எதிர்ப்பு தவிர ‘வந்தேன், வாக்கில்லை’ என்று மூன்றாவது தெரிவு. படிக்க நேரமில்லாதவரும், படித்தும் முடிவுக்கு வராதவரும் உண்மையைச் சொல்ல அது இடம் கொடுத்தது. உங்கள் குழுவில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மூன்றாவது தெரிவை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பொய் ஆதரவுதான் குவியும்.

சரி, இரண்டாவது கடமைக்கு வருகிறேன்.

பிரதிநிதி என்பவர் தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் கட்டளையைக் கேட்க வேண்டுமா, தன் அறிவைக் கேட்க வேண்டுமா? இது பழைய கேள்வி. எட்மண்ட் பர்க் 1774 நவம்பரில் பிரிஸ்டல் வாக்காளர்களிடம், என் உழைப்பு மட்டுமல்ல, என் தீர்ப்பும் உங்களுக்கு உரியது, உங்கள் கருத்துக்காக அதை விட்டுக்கொடுத்தால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம் என்ற பொருளில் பேசினார். 1780ல் அதே பிரிஸ்டலில் ஆதரவு இல்லை என்று தெரிந்து போட்டியிலிருந்து விலகினார். பர்க்கின் பேச்சை மேற்கோள் காட்டுகிறவர்கள் 1780ஐயும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். தன் தீர்ப்பின்படி நடக்கும் பிரதிநிதிக்கு அதற்கான விலையும் உண்டு.

ஆனால் பர்க் போன்றவர்களிடம் வாக்காளர்கள் முன்கூட்டியே எந்த நிபந்தனையும் எழுதி வாங்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் அப்படி இல்லை. உள்வாக்கெடுப்பின் முடிவைப் பதிவேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் நான் பதவி ஏற்றேன். நாலு பேர் காசு போட்டு மீ கோரெங் வாங்கிவரச் சொல்லி உணவங்காடிக்கு அனுப்பினால், எனக்குப் பிடித்தது சிக்கன் ரைஸ் என்பதற்காக அதை வாங்கி வர முடியுமா? அந்தக் கூடுதல் வாக்குகளை நான் அப்படித்தான் பார்த்தேன். என் சொந்த வாக்கையும் அதையும் பிரித்துப் போட விளையாட்டில் வழியில்லை. டெலிகேட் போடும் ஒரே அழுத்தலில் எல்லாமே ஒரு பக்கம் போய்விடும்.

பதவிக்கு வந்த புதிதில் கட்டாய ராணுவ சேவையைக் கட்டுப்படுத்தும் ஒரு தீர்மானம் வந்தது. வட்டாரத்தில் பெரும்பான்மை அதை ஆதரித்தது. அவர்களில் பலர் கட்டாய சேவை என்பதே இல்லாத நாடுகளில் இருப்பவர்கள். நான் 1967லிருந்து தேசிய சேவை நடக்கும் ஊரில் இருப்பவள். தம்பியும் அத்தை பையன்களும் இரண்டு வருடம் சீருடையில் இருந்ததைப் பார்த்தவள். சின்ன நாடுகளுக்கு வேறு வழியில்லாத சமயங்கள் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். உள்வாக்கெடுப்பில் எதிர்த்து வாதாடினேன், எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன். அப்புறம் உலக மன்றத்தில் ஆதரவு என்று பதிந்தேன். கூடவே வட்டாரத்தின் அறிவிப்பில் ஒரு பத்தி எழுதினேன்: இந்த வாக்கு வட்டாரத்தின் முடிவு, என் கருத்து வேறு, காரணங்கள் இவை. யாரும் கோபப்படவில்லை. பலர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு என்னிடம் பேச வந்தார்கள்.

அது மனசாட்சிக்கு எதிரான வாக்கா? இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். எனக்குப் பிடிக்காத கொள்கை அது. நல்லவர்கள், யோசிப்பவர்கள், இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு விவாதத்தில் தோற்பதை மனசாட்சி என்ற பெயரில் மூடக்கூடாது. பாவனை அரசியலில் நான் பார்த்த ‘மனசாட்சி வாக்கு’களில் பெரும்பாலானவை கருத்து வேறுபாடுகள்தான். உண்மையான சமாதானவாதி ஒருவர் என் இடத்தில் இருந்து தீர்மானம் கட்டாய சேவையை ஆதரிப்பதாக இருந்தால், அவருக்கு அது மனசாட்சியாக இருக்கலாம். கோடு ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் விழும். அதை வெளியிலிருந்து யாரும் அளந்து சொல்ல முடியாது. அதனால்தான் மறுப்பவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுக்கத் தயாரா என்று பார்ப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்குக் கோடு விழுந்த இடத்தைச் சொல்கிறேன். உலக மன்றத்தின் பாதுகாப்பு மன்றத்தில் 2009லிருந்து ஒரு நாட்டையோ வட்டாரத்தையோ பாராட்டியும் கண்டித்தும் தீர்மானம் கொண்டுவரலாம். எங்களோடு ஒப்பந்தம் செய்திருந்த நட்பு வட்டாரம் ஒன்று, தன் பழைய எதிரியான ஒரு விளையாட்டாளரைக் கண்டிக்கும் தீர்மானத்தை எழுதியது. ஒரு சின்ன வட்டாரத்தைக் கைப்பற்றி, அங்கே ஆண்டுக்கணக்காக இருந்த நாடுகளை அவர் வெளியேற்றினார் என்பதுதான் அதன் முக்கியக் குற்றச்சாட்டு. அந்த வட்டாரத்தின் நிகழ்வுப் பதிவை உட்கார்ந்து பார்த்தேன். அவர் வருவதற்கு முன்பே அந்த நாடுகள் தாமாகக் கிளம்பிப் போயிருந்தன. அவர் வேறு தவறுகள் செய்திருக்கலாம். இதைச் செய்யவில்லை.

பதிவை எடுத்து வட்டாரத்தில் எல்லாருக்கும் காட்டினேன். சிலர் வாக்கை மாற்றினார்கள். எழுதியவர்களிடமும் திருத்தச் சொல்லிக் கேட்டோம். தீர்மானம் போதுமான டெலிகேட்டுகளின் ஒப்புதலைப் பெற்று வரிசையில் நின்றுவிட்டதால் இனித் திருத்த முடியாது, திரும்பப் பெறவும் விருப்பமில்லை என்றார்கள். கடைசியில் வட்டாரத்தின் பெரும்பான்மை ஆதரவு என்றே நின்றது. அவர்கள் பொய்யை விரும்பியவர்கள் இல்லை. நண்பர்கள் கேட்கிறார்கள், ஒப்பந்தம் இருக்கிறது, கண்டனத்தைப் பலர் பதக்கம் போலப் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. எனக்கு அது போதவில்லை. கட்டாய சேவைத் தீர்மானத்தில் ‘இது நல்லது’ என்று சொல்லச் சொன்னார்கள்; இதில் ‘இவர் இதைச் செய்தார்’ என்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். பார்த்ததற்கு மாறாகச் சாட்சி சொல்ல என்னால் முடியாது.

அப்போது எனக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிர்த்து வாக்களிப்பது எளிது, ஆனால் அது ஊர் கொடுத்த காசில் சிக்கன் ரைஸ் வாங்குவது. வாக்களிக்காமலே இருப்பதைத்தான் பலர் சொன்னார்கள். யீஷூன் தம்பிகூட, “அக்கா, பேசாம அந்த நாலு நாளும் வாக்கே போடாம விட்டுடுங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றான். என் ஒற்றை வாக்காக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். வெற்றுச் சீட்டைப் பெட்டியில் போடுவது ஒரு குடிமகனின் உரிமை. ஆனால் மற்றவர்களின் ஆதரவைச் சுமந்துகொண்டு சும்மா இருந்தால், அந்த ஆதரவைப் பூட்டி வைத்தவளாகிவிடுவேன். நடுநிலை போலத் தெரியும். உண்மையில் வட்டாரத்தின் முடிவை ரத்து செய்வது அது.

மிச்சம் இருந்தது பதவியைத் திருப்பிக் கொடுப்பது. இதில் விளையாட்டின் இயங்குமுறையைத் தெரிந்திருப்பது முக்கியம். டெலிகேட் பதவியை இன்னொருவரிடம் நேரடியாக மாற்றிக்கொடுக்க முடியாது. நான் உலக மன்றத்திலிருந்து விலகினால் எனக்கு வந்த ஆதரவு மொத்தமும் அழிந்துவிடும். விளையாட்டு தன் கணக்குகளைச் சரிசெய்யும் அடுத்த புதுப்பிப்பின்போது இரண்டாவது இடத்தில் இருப்பவர் டெலிகேட் ஆவார். புதுப்பிப்பு ஒரு நாளில் இரண்டு முறைதான் நடக்கும். பெரியது நமக்குப் பகல் 12 மணியளவில், அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் ஒரு மணியளவில் தொடங்கும். இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு ஆதரவு குறைவாக இருந்தால் வெளியார் புகுந்து, தங்களுள் ஒருவருக்கு ஆதரவைக் குவித்து, வட்டாரத்தையே கைப்பற்றிவிடும் ஆபத்தும் உண்டு. மனசாட்சிப்படி நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஊர்க்கதவைத் திறந்துபோட்டுப் போவது என்ன நியாயம்?

அதனால் முதலில் பொறுப்பாளர்களிடம் சொன்னேன். இந்த வாக்கை நான் போடமாட்டேன், உங்கள் வாக்கைத் தடுக்கவும் மாட்டேன், துணை டெலிகேட்டுக்கு எல்லாரும் ஆதரவு கொடுக்கட்டும், அவருக்குப் போதுமான பலம் வந்ததும் விலகுகிறேன் என்று எழுதினேன். தீர்மானம் வரிசையில் காத்திருந்த நாட்கள் அதற்குப் பயன்பட்டன. எண்ணிக்கை பாதுகாப்பான அளவுக்கு வந்த பிறகு, அலுவலகத்தில் மதிய உணவு இடைவேளைக்குச் சற்று முன்னால், மன்றத்திலிருந்து விலகினேன். புதுப்பிப்பு முடிந்ததும் துணை டெலிகேட் பொறுப்புக்கு வந்தார். வாக்களிப்பு தொடங்கியபோது வட்டாரம் சொன்னபடி பதிந்தார். அவர் கையில் இருந்த பலம் என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியது. எங்கள் வாக்கால் முடிவு மாறியிருக்காது.

சிலர் என்மீது வருத்தப்பட்டார்கள். நட்பு வட்டாரத்தின் முன் எங்களைத் தலைகுனிய வைத்துவிட்டாய் என்று ஒருவர் நேரடியாகவே சொன்னார். நான் மறுபடி மன்றத்தில் சேர்ந்தபோது ஆதரவு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதைக் கூட்ட வெகுகாலம் பிடித்தது. அந்த இழப்பு எனக்கு உறுத்தவில்லை. பதவியையும் வைத்துக்கொண்டு மறுக்கவும் முடிந்திருந்தால், அடுத்த டெலிகேட் பிடிக்காத ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மனசாட்சியைக் காட்டுவார்.

அப்புறம்தான் விதியை எழுத உட்கார்ந்தோம். நிஜ நாடாளுமன்றங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தது மிகவும் உதவியது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 46ஆவது பிரிவுப்படி, எந்தக் கட்சியின் சார்பில் ஜெயித்தாரோ அந்தக் கட்சியிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ உறுப்பினர் தன் இடத்தை இழப்பார். கொறடா உத்தரவுக்கு இங்கே அவ்வளவு கனம். ஆனாலும் அது தளர்த்தப்பட்டதுண்டு. 1969ல் கருக்கலைப்பு மசோதாவில் உறுப்பினர்கள் தங்கள் விருப்பப்படி வாக்களிக்க அனுமதி கிடைத்தது. 2022 நவம்பரில், ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கும் மசோதாவில் ஆளுங்கட்சி கொறடா உத்தரவைத் தளர்த்தவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி தளர்த்தியது, அதன் உறுப்பினர்கள் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். தளர்த்துவதா இல்லையா என்பதைக் கட்சிகள் வாக்களிப்புக்கு முன்பே சொல்லிவிட்டன என்பதைத்தான் நான் கவனித்தேன். வாக்குப் போட்ட பிறகு மனசாட்சியைக் காரணம் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும். முன்னால் சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும்.

எங்கள் புதிய விதி சின்னது. டெலிகேட் ஒரு வாக்கைப் போட மறுக்கலாம். ஆனால் மன்றத்தில் வாக்களிப்பு தொடங்கும் முன் எழுத்தில் காரணம் தர வேண்டும், துணை டெலிகேட் பொறுப்பேற்கும் வரை வட்டாரத்தின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகத் துணை டெலிகேட்டுக்கு எப்போதும் டெலிகேட்டுக்கு நெருக்கமான ஆதரவை வைத்திருப்பது வட்டாரத்தின் கடமை. நட்பு ஒப்பந்தங்களில் ‘ஆதரிப்போம்’ என்று இருந்த வரியை ‘உண்மை சரிபார்க்கப்பட்ட தீர்மானங்களை ஆதரிப்போம்’ என்று மாற்றினோம். மாற்றச் சொன்னபோது அந்த நட்பு வட்டாரமே சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

டெலிகேட்டாக வரப்போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தீர்மானம் மன்றத்துக்கு வந்த முதல் நாளே வாக்கைப் பதியாதீர்கள். பெரிய டெலிகேட்டுகளின் வாக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ, படிக்காதவர்கள் அந்தப் பக்கம் சாய்வார்கள். வாக்களிப்பு நான்கு நாள் திறந்திருக்கும். முடியும் வரை மாற்றவும் முடியும். உள்வாக்கெடுப்பு முடிந்து, யாராவது ஒருவர் குற்றச்சாட்டுகளைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பதிந்தால் போதும். அந்தச் சரிபார்க்கும் வேலையை வாராவாரம் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். இப்போது தேசிய சேவை முடித்துவிட்டு வந்த யீஷூன் தம்பிதான் அதில் கெட்டிக்காரன்.

உள்வாக்கெடுப்பை ரகசியமாக்க வேண்டுமா என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. பெயர் தெரிவதால் புதியவர்கள் மூத்தவர்களைப் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்பது என் கவலை. கண்டனத் தீர்மானத்திலும் அது நடந்தது என்று நினைக்கிறேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “யார் எப்படிப் போட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே அக்கா போய்ப் பேசி மாத்த முடியும்? நீங்க பதிவைக் காட்டினப்போ அப்படித்தானே சிலரை மாத்தினீங்க?” என்கிறான். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. முதலில் ஆள்பற்றிய தீர்மானங்களுக்கு மட்டும் ரகசிய வாக்கெடுப்பு வைத்துப் பார்ப்போம் என்று ஒரு வரைவை எழுதி, இந்த வாரம் அவனிடமே திருத்தக் கொடுத்திருக்கிறேன்.